முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளை: குமரி மாவட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மகள் போன ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் அரசுத் தொடக்கப்பள்ளி. அதற்கு முந்திய ஒரு வருடம் நான் மற்றவர்களிடம் கேட்டுத் திரிந்த கேள்விகளை இப்போது அம்மாமார் என்னிடம் கேட்கிறார்கள். அங்கன்வாடி வாசலில் கேட்பார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

எத்தனை வயதில் சேர்க்கலாம்?

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது முடிந்திருந்தால் போதும். ஜூலை 31-ஐ வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். எல்கேஜி என்றால் அதே தேதிக்கு 3 வயது. நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் கேந்திரிய வித்யாலயா போன்ற மத்தியப் பள்ளியை நினைத்திருந்தால் கணக்கு வேறு. அங்கே மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர்தான் அதிகம் குழம்புகிறார்கள். இந்த வருடமா, அடுத்த வருடமா? என் கருத்து: பிள்ளை சின்னதாகத் தெரிந்தால் ஒரு வருடம் பொறுப்பதில் நஷ்டம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை நாலு வயதுப் பிள்ளையின் முதுகில் ஏற்றி வைக்கும் வீடுகளைப் பார்த்தால் மனது கேட்கவில்லை.

அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா, தனியாரா?

இதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. நான் பார்த்தது மூன்று விஷயம்: நடந்து போகும் தூரமா, ஒன்றாம் வகுப்பு டீச்சர் எப்படிப்பட்டவர், கழிப்பறை எப்படி இருக்கிறது. மூன்றாவதைப் பார்க்காமல் சேர்த்துவிட்டு அப்புறம் வருந்தியவர்கள் உண்டு. பள்ளியைப் பார்க்கப் போகும்போது அலுவலக அறையோடு திரும்பிவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குக் கொண்டி எட்டுகிறதா என்று நேரில் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் இலவசம். மதியம் முட்டையோடு சத்துணவு. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தால் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காலையிலும் கிடைக்கிறது. விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டப் போகும் வீடுகளில், மீன் இறக்க ஓடும் கடற்கரை வீடுகளில் இது எத்தனை பெரிய ஆறுதல் என்று அந்த அம்மாமாரைக் கேட்டால் தெரியும்.

தனியார் பள்ளியில் 25 சதவீத இட ஒதுக்கீடு எங்களுக்குக் கிடைக்குமா?

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் ஒதுக்கீடு அது. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் குறைவான குடும்பங்களும், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரமும் பார்க்கப்படும். ஆனால் நம் மாவட்டத்தில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இங்கே பெயர் பெற்ற பள்ளிகளில் பல சிறுபான்மை நிர்வாகத்தில் இருப்பவை. ஆகவே முதலில் அந்தப் பள்ளி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அலையுங்கள்.

பிள்ளையையும் எங்களையும் நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

நாங்களும் ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் மகளிடம் ஆங்கிலத்தில் ஐந்து பழத்தின் பெயர் சொல்லச் சொன்னார். அவள் "மட்டி" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு என்னிடம், அப்பா என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார். அவள் என் சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கல்வி உரிமைச் சட்டம் பொருந்தும் பள்ளிகளில் பிள்ளையையோ பெற்றோரையோ இப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 13-ம் பிரிவில் அது தெளிவாக இருக்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அப்புறம் ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. நன்கொடை வாங்குவதற்கும் அதே பிரிவில் தடை உண்டு. போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. போனால், வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் "நீ சரியாத்தான் சொன்னே மக்களே" என்று சொல்ல மறக்காதீர்கள். மட்டி பழம்தானே. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய, நம் மாவட்டத்துக்கே உரிய வாழைப்பழம்.

என்னென்ன சான்றிதழ் வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ் முதலில். அதில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் பெயர் இல்லாமல் பதிந்து, அப்படியே விட்டுவிட்ட வீடுகள் நிறைய உண்டு. ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அப்புறம் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கு வயதுச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழே வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. கையில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மே கடைசியில் போனால் கூட்டம். ஆதார் இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது, 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஆனால் அரசு உதவிகள் வாங்கும்போது கேட்பார்கள், எடுத்து வைப்பது நல்லது. 5 வயது ஆனதும் கைரேகையும் கண்ணும் பதிய வேண்டும். 7 வயதுக்குள் போனால் அதற்குக் கட்டணம் இல்லை.

அப்புறம் எழுத்துப் பிழை. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் எழுதப்படுவதுதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும். சேர்க்கை படிவத்தில் டீச்சர் எழுதி முடித்ததும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்து அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். வெட்கப்பட வேண்டாம், கேட்டால் அவர்களே திருப்பிக் காட்டுவார்கள்.

அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். சேர்க்க முடியுமா?

முடியும். அம்மா கையெழுத்துப் போதும். என் வீட்டுக்காரர் சவுதியில். முதல் நாள் காலை எட்டரைக்கு மகள் சீருடையோடு வாசலில் நின்றபோது அங்கே மணி ஆறு. வேலைக்குப் போக வண்டி வருமுன் வீடியோ காலில் பார்த்தார். அன்றிலிருந்து அந்த நேரம் அவர்கள் இரண்டு பேருக்குமானது. வாரத்தில் ஐந்து நாளும் இரண்டு நிமிடம்: பையைத் திறந்து அப்பாவுக்குக் காட்டுவாள், பென்சில், டப்பா, தண்ணீர் பாட்டில். எதையாவது மறந்திருந்தால் அப்பாதான் கண்டுபிடிப்பார். தூரத்தில் இருக்கிற அப்பாவுக்கும் இதில் ஒரு வேலை கொடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சேருமுன் அ, ஆ, ஏபிசிடி எல்லாம் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், இதில்தான் அதிகம் பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுப்பது ஒன்றாம் வகுப்பின் வேலை. அரசுப் பள்ளிகளில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டு, கதை, விளையாட்டு என்றுதான் தொடங்குகிறது. போகப் போகப் பிள்ளைகளின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். யாரும் எல்லாம் தெரிந்து வர வேண்டும் என்று அங்கே எதிர்பார்ப்பதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது விரலுக்கு வேலை. என் மகள் பென்சிலை முஷ்டியில் பிடிப்பாள். கணுக்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்துவாள், தாள் கிழியும். அது அவளுடைய தப்பு இல்லை, விரலில் பலம் வரவில்லை. மே மாதம் சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை) உரிக்க என் மாமி உட்காரும்போது அவளையும் கூட உட்கார வைத்தோம். காய்ந்த கொட்டையின் வெள்ளைத் தொலியை நகத்தால் ஒரு ஓரத்தில் கிளப்பி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுக்க வேண்டும். முதல் நாள் மூன்று கொட்டை உரித்தாள். மாதக் கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம் நிறைய. பென்சிலைப் பிடிப்பதும் அதே இரண்டு விரல்தான், நடுவிரல் மட்டும் கீழே முட்டுக் கொடுக்கிறது. முருங்கைக் கீரை உருவுவது, சின்ன உள்ளி உரிப்பது, துவரங்காய் உடைப்பது, பூ கட்டும்போது எண்ணி எடுத்துக் கொடுப்பது, எல்லாமே இந்தப் பழக்கம்தான். அதோடு எண்ணவும் வந்துவிடும்.

கதை சொல்லுங்கள். ராத்திரி கரண்ட் போனால் இன்னும் நல்லது.

இடது கையால் எழுதுகிறான். மாற்ற வேண்டுமா?

மாற்றக் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் சாப்பாட்டுக்கு வலது கை என்றால் அது வேறு. எழுதுவதை விட்டுவிடுங்கள். டீச்சரிடம் முதல் நாளே சொல்லி, பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையின் கை முட்டாமல் இருக்கும்.

அப்படியானால் பிள்ளை எதைத்தான் கற்றுக்கொண்டு போக வேண்டும்?

தன் வேலையைத் தானே செய்ய. எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது.

பள்ளி தொடங்கி நான்காம் நாள். வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்று அடம்பிடித்ததால் புது டிபன் டப்பாவில் தேங்காய்ச் சோறு கொடுத்துவிட்டேன். நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடும் டப்பா, மழை வெள்ளம் உள்ளே போகாது என்று நம்பி வாங்கியது. சாயந்திரம் டப்பா அப்படியே கனமாக வந்தது. கேட்டதற்கு "பசிக்கல்ல" என்றாள். ராத்திரி சாப்பிடும்போது மட்டும் மெல்லச் சொன்னாள், திறக்க வரவில்லை என்று. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் டீச்சரைக் கூப்பிட அவளுக்குக் கூச்சம். கொக்கியின் ஓரம் அழுத்தி அழுத்தி இரண்டு பெருவிரலிலும் சிவந்த கோடு விழுந்திருந்தது.

மறுநாள் பழைய எவர்சில்வர் தூக்கு டப்பாவுக்கு மாறினோம். அதன்பின் எதைக் கொடுத்தாலும் முதலில் வீட்டுத் திண்ணையில் அவளையே திறக்கச் சொல்லி, மூடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். தண்ணீர் பாட்டில், ஜியோமெட்ரி டப்பா, ரெயின்கோட் பொத்தான், ஷூ வார், எல்லாவற்றுக்கும் இதே சோதனை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் இதற்குத்தான். உட்கார்ந்து கையால் பிசைந்து சிந்தாமல் உண்பது, தட்டைக் கழுவுவது, மூக்கைச் சிந்துவது, சட்டையைக் கழற்றி மாட்டுவது. அவசரத்தில் நாமே செய்துவிடத் தோன்றும். பத்து நிமிடம் முன்னே எழுந்து அவர்களைச் செய்ய விட வேண்டும்.

கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிறாள்.

பெரும்பாலான பள்ளிகளில் குந்தி உட்காரும் கழிப்பறைதான் இருக்கும். இப்போது புதிதாகக் கட்டும் வீடுகளில் உட்காரும் கோப்பைதான், அதனால் பிள்ளைகளுக்குக் குந்தி உட்காரவே தெரிவதில்லை. சொந்தக்காரர் வீட்டில், பழைய வீட்டில் எங்காவது குந்திப் பழக்கிவிடுங்கள். வாளியில் மொண்டு ஊற்றவும், தானே கழுவவும் பழக்குங்கள். கொக்கியும் ஜிப்பும் வைத்த நிக்கர், பாவாடை வேண்டாம், இலாஸ்டிக் போதும். இன்னொன்று, "ஒண்ணுக்குப் போணும் டீச்சர்" என்று சத்தமாகச் சொல்லப் பழக்க வேண்டும். வீட்டில் நாம் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம். டீச்சருக்கு அது தெரியாது. அடக்கி அடக்கிக் காய்ச்சல் வந்த பிள்ளைகள் என் கண்முன்னே இரண்டு பேர்.

பையில் ஒரு மாற்று உடை, ஒரு பிளாஸ்டிக் கவர். நனைந்தால் கோபிக்காமல் மாற்றிவிடச் சொல்லி டீச்சரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நம்ம ஊர்ப் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் தப்பு என்பார்களா?

என் மகளின் டீச்சர் வேறு மாவட்டத்துக்காரர், மிகவும் அன்பானவர். முதல் வாரம் இவள் காலியான பாட்டிலோடு போய் "டீச்சர், வெள்ளம் வேணும்" என்றிருக்கிறாள். டீச்சருக்கு ஒரு நொடி புரியவில்லை, "என்னம்மா?" என்று திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சாயந்திரம் உதடு காய்ந்து வந்தாள்.

மறுநாள் நான் போய் டீச்சரிடம் ஒரு சின்னப் பட்டியலே கொடுத்தேன். வெள்ளம் என்றால் குடிதண்ணீர், நுள்ளினான் என்றால் கிள்ளினான், சவிட்டினான் என்றால் மிதித்தான், ஓர்மை என்றால் ஞாபகம். அவர் சந்தோஷமாக வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை அடிபட்டு வந்து "அவன் என்னைச் சவிட்டினான்" என்று சொல்லும்போது அது புரிய வேண்டும் இல்லையா?

மகளிடம் நாங்கள் சொன்னது: வீட்டில் வெள்ளம், பள்ளியில் தண்ணி, இரண்டும் சரி. வீட்டுச் சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுச் சொல்லை வைக்காதீர்கள். பக்கத்தில் புதுச் சொல்லையும் சேர்த்து வையுங்கள், பிள்ளைக்கு இரண்டுக்கும் இடம் உண்டு. விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், ஆனால் வீட்டுப் பேச்சு எல்லைக்கோட்டைப் பார்த்து மாறவில்லை. மலையாள வழியில் படிக்கும் வசதி சில பள்ளிகளில் இன்றும் இருக்கிறது. தமிழ் வழியில் சேர்ப்பதானால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு வருடம் முன்பே நன்றாக விளையாட விடுங்கள்.

ஏடு தொடங்காமல் அனுப்பலாமா?

அனுப்பலாம். வீட்டில் வழக்கம் இருந்தால் விஜயதசமிக்குச் செய்யுங்கள், நாங்களும் செய்தோம். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, பாட்டா (தாத்தா) அவளை மடியில் வைத்து விரலைப் பிடித்து அ எழுதினார். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போவதை ரோட்டோரம் நின்று அவள் பார்த்திருந்தாள். "சரஸ்வதி பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கா, திரும்பி வருவா" என்று பாட்டா சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். ஜூனில் பயம் வந்தபோது அது உதவியது. கிறிஸ்தவ வீடுகளில் ஜெபித்து அனுப்புவார்கள், முஸ்லிம் வீடுகளில் ஓதி அனுப்புவார்கள். பெரியவர்கள் தலையில் கை வைக்கும் அந்த நேரம் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு தைரியம்.

காலையில் எழுப்பவே முடியவில்லை.

ராத்திரிதான் காரணம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமாவது உறக்கம் வேண்டும். சீரியல் முடிந்து பத்தரைக்குப் படுத்தால் ஆறரைக்கு எப்படி எழும்? மே நடுவிலிருந்து தினமும் பத்து நிமிடம் முன்னே படுக்க வைத்து எட்டரைக்குக் கொண்டு வந்தோம். டிவியை நிறுத்த மாமி முதலில் சம்மதிக்கவில்லை. "நீங்க கதை சொன்னாத்தான் உறங்குவா மாமி" என்று சொன்னபின் அவர்களே ரிமோட்டை எடுத்து ஒளித்து வைத்தார்கள். போனையும் அதே நேரத்தில் அணைத்து வைத்துவிட வேண்டும், நம்முடையதையும் சேர்த்து.

பள்ளி திறக்கும் நேரம் மழை. என்ன செய்வது?

மற்ற மாவட்டத்துக்காரர்கள் ஜூன் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். நமக்கு அப்போது இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. முதல் வருடம் முழுக்க நனைந்த துணியோடுதான் போகும். பள்ளியில் சீருடை கிடைக்கச் சில நாள் ஆகலாம், கிடைத்தபின்னும் காய்வதற்கு வழி வேண்டும். அடுப்பங்கரையில் ஒரு கொடி கட்டினோம். குடையைக் காற்று பிடுங்கும். ஐந்து வயதுக்கு ரெயின்கோட்தான், பையையும் சேர்த்து மூடும் அளவுக்குப் பெரியதாக. மழை நாளில் ஷூ வேண்டாம் என்று பெரும்பாலான டீச்சர்மார் அனுமதிப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

நடந்து போகும் பிள்ளைகளுக்கு இதைவிட முக்கியம் சானல், அதாவது பாசனக் கால்வாய். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையைத் திறப்பதும் ஜூனில்தான். மே மாதம் காய்ந்து கிடந்த சானலில் குதித்து விளையாடிய பிள்ளை, ஜூனில் தண்ணீர் ஓடும்போதும் அதே நினைப்பில் இறங்கும். தண்ணீர் வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், ஒரு கம்பை உள்ளே விட்டு ஆழத்தைக் காட்டுங்கள். ஒரு தென்னை மட்டையைப் போட்டு எவ்வளவு வேகமாக இழுத்துப் போகிறது என்று காட்டுங்கள். சொல்வதைவிடக் காட்டுவது மனதில் நிற்கும். குளக்கரைப் பாதை குறுக்கு வழியாக இருந்தாலும் ரோட்டு வழியையே பழக்குங்கள்.

பள்ளி வண்டி, ஆட்டோவில் அனுப்புவது பத்திரமா?

பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் 2012-ல் தனி விதிகள் வந்தன. உதவியாளர் இருக்கிறாரா, அவசர வழி திறக்கிறதா என்று ஒரு நாள் கூடவே ஏறிப் பாருங்கள். ஆட்டோ என்றால் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். டிரைவர் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைக்கிறார் என்றால் வேறு ஆட்டோ பாருங்கள், அவர் எத்தனை நல்லவராக இருந்தாலும்.

தொடுதல் பற்றி இந்த வயதில் சொல்லலாமா?

சொல்லத்தான் வேண்டும். குளிப்பாட்டும்போது சொல்வது எளிது: நிக்கருக்குள் இருக்கும் இடத்தை அம்மாவும், உடம்பு சரியில்லாதபோது அம்மா கூட இருக்க டாக்டரும் தவிர யாரும் தொடக் கூடாது. தொட்டால் ஓடி வந்து அம்மாவிடம் சொல்லணும், அம்மா ஏச மாட்டேன். அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அம்மாவின் போன் நம்பரைப் பாட்டாகப் பாடிப் பழக்குங்கள். பிள்ளைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். பள்ளியில் அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் சட்டப்படி தடை. அப்படி நடந்தால் "டீச்சர்னா அடிக்கத்தான் செய்வாங்க" என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

தடுப்பூசி ஏதாவது பாக்கி இருக்குமா?

5 வயது முடிந்ததும் டிபிடி இரண்டாவது ஊக்கத் தவணை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். பேச்சு தெளிவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று சந்தேகம் இருந்தால் பள்ளி திறக்கும்வரை காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

முதல் நாள் அழுதால் என்ன செய்வது?

அழட்டும். பிரிவு என்றால் அழுகை வரும். சொல்லாமல் நழுவி ஓடிவிடுவது மட்டும் வேண்டாம். திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை என்றால், மறுநாள் கையையே விடாது. குனிந்து, முகத்தைப் பார்த்து, போகிறேன் என்று சொல்லிவிட்டு நட வேண்டும். நின்று நின்று திரும்பிப் பார்க்கக் கூடாது.

எப்போது வருவேன் என்பதையும் சொல்ல வேண்டும். நாலு மணி என்றால் அதற்குத் தெரியாது. நான் சொன்னது: "முட்டை தின்னு, பாட்டுப் பாடி, கடைசி மணி அடிச்சதும் அம்மா அயனி மரத்து மூட்டில நிப்பேன்." பள்ளி வாசலில் ஒரு பெரிய அயனி மரம் உண்டு. அங்கே, அதே இடத்தில், மணி அடிக்குமுன்னே நிற்க வேண்டும். ஒரு நாள் பேங்கில் தாமதமாகி, மழையில் ஆட்டோவும் கிடைக்காமல் பத்து நிமிடம் பிந்திவிட்டேன். டீச்சர் பக்கத்தில் வராந்தா தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்து நின்றாள். அழவில்லை. அடுத்த மூன்று காலையும் அழுதாள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் அடங்கிவிடும். முதல் வாரம் சிரித்துக்கொண்டே போய், இது தினமும் உண்டு என்று புரிந்தபின் இரண்டாம் வாரம் அழத் தொடங்கும் பிள்ளைகளும் உண்டு. ஒரு மாதம் தாண்டியும் வாந்தி, வயிற்றுவலி, ராத்திரி அலறல் என்று இருந்தால் டீச்சரிடம் உட்கார்ந்து பேசுங்கள், பள்ளியில் ஏதோ இருக்கிறது.

பாட்டா பாட்டி "பிள்ளை பாவம், நாளைக்கு விடலாம்" என்கிறார்கள்.

எங்கள் பாட்டா முதல் நாள் பள்ளி மதிலுக்கு வெளியே பதினோரு மணி வரை நின்றார். ஜன்னல் வழியாக அவர் தலையைப் பார்த்ததும் அடங்கியிருந்த அழுகை மறுபடி கிளம்பியது. அவரிடம் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை, ஐந்து வருடம் அவர் தோளில் வளர்ந்த பிள்ளை. அதனால் சாயந்திரம் கூட்டி வரும் வேலையை வாரத்தில் இரண்டு நாள் அவருக்கே கொடுத்தேன். காலையில் வீட்டு நடையோடு நிற்க வேண்டும், சாயந்திரம் மட்டிப்பழத்தோடு மரத்து மூட்டுக்கு வரலாம் என்று பேச்சு. அன்றிலிருந்து "நாளைக்கு விடலாம்" என்று சொன்னதில்லை.

வீட்டுப்பாடம் எவ்வளவு செய்ய வைக்க வேண்டும்?

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது, பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் பள்ளியில் மூன்று பக்கம் எழுதச் சொன்னால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

சாயந்திரம் வந்ததும் "என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். நான் "யார் பக்கத்துல இருந்தே?", "இன்னைக்கு யார் அழுதா?" என்று கேட்பேன். ஜூலையில் ஒரு நாள் வேறு ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, "அவளுக்கு டப்பா தொறக்க வரல்ல, நான் தொறந்து குடுத்தேன்" என்றாள். சொல்லிவிட்டு ரெயின்கோட்டைத் தானே கொடியில் போடப் போனாள்.